ஏறி இறங்கிய சீனிக்குக் காரணம் ஊசி போட்ட இடம்

அம்மாவுக்குத் தினமும் அதே அளவு இன்சுலின்தான், ஆனாலும் சீனி ஒருநாள் எகிறும், ஒருநாள் கைநடுங்கும் அளவுக்கு இறங்கும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பிட்டிலும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்திலும் பழியைப் போட்டார்கள். கிளினிக்கில் தாதி மிஸ்ஸிதான் தொப்புளுக்குப் பக்கத்தில் விரலால் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தா. ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்குக் கீழே கொழுப்பு ரப்பர் மாதிரித் திரண்டிருந்தது. அங்கே நோகாது என்பதால் அம்மா அந்த இடத்தையே தேடுவா, ஆனால் அதற்குள் போகும் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது.

இப்போது கட்டியை விட்டுவிட்டு, வயிற்றை நாலு பங்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பங்கு, ஒவ்வொரு முறையும் ஒரு விரலளவு தள்ளிப் போடுகிறோம். ஒன்று முக்கியம்: நல்ல தோலில் மருந்து கூடுதலாக ஏறிச் சீனி சட்டென்று இறங்கலாம், அதனால் டொக்டரிடம் கேட்டு அளவைக் குறைத்த பிறகுதான் இடத்தை மாற்றினோம். அப்புறம், கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டுகிறோம், இன்சுலின் பேனையை அழுத்தியபின் 10 எண்ணும்வரை ஊசியை இழுப்பதில்லை, ஊசியும் ஒவ்வொரு தடவையும் புதிது. கட்டி கரைய மாதக்கணக்காகுமாம். சீனி இப்போது அவ்வளவாக ஆடுவதில்லை, புது இடம் நோகுது என்று அம்மாவின் முறைப்பாடு மட்டும் ஓயவில்லை.