பழைய மிட்சைஸ் எஸ்யூவி வாங்கப் போகிறீர்களா? காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள்

எங்கள் வீட்டில் நாங்கள் இருவர், நாலு வயது மகள், அப்பா, மூட்டுவலியோடு இருக்கும் அம்மா. பழைய ஹேட்ச்பேக்கில் தென்காசி போய்த் திரும்பிய ஒரு பொங்கலுக்குப் பிறகுதான், இனி கொஞ்சம் பெரிய வண்டி வேண்டும் என்று முடிவு செய்தோம். புது வண்டிக்குக் கையில் பணம் இல்லை. நாலு மாதம் தேடி, பதினொரு வண்டி பார்த்து, பத்தை வேண்டாம் என்று சொல்லி, ஒன்றை வாங்கினோம். அந்தப் பத்தும்தான் எனக்குப் பாடம் எடுத்தன என்பதால், அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டதையே இங்கே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் எந்த வகை வண்டி என்று தெளிவாக இருப்போம். ஸ்கார்பியோ, பொலேரோ மாதிரி தனிச் சேஸிஸ் மேல் பாடியை உட்கார வைத்த வண்டிகளைப் பற்றி நான் பேசவில்லை. க்ரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், டஸ்டர், இன்னும் கொஞ்சம் பெரிதாக ஹாரியர், ஹெக்டர், எக்ஸ்யூவி 700 போன்றவை காரைப் போலவே ஒரே கூடாகச் செய்யப்பட்டவை. ஏறுவதற்கு அவ்வளவு உயரம் இல்லை, பள்ளத்தில் தூக்கிப் போடுவதும் குறைவு. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதுதான் சரி. க்ரெட்டா 2015-லும், செல்டோஸ் 2019-லும், கிராண்ட் விட்டாராவும் ஹைரைடரும் 2022-லும் வந்தன, அதனால் பழைய வண்டிச் சந்தையில் முதல் இரண்டும்தான் நிறைய கிடைக்கும். பழைய டஸ்டரின் விற்பனை 2022-லேயே நின்றுவிட்டது. வண்டி உறுதியானதுதான், விலையும் கம்மி, ஆனால் டீசல் டஸ்டர் வாங்கினால் டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். அந்தப் பெல்ட் அறுந்தால் இன்ஜினே போகும்.

டீசலா பெட்ரோலா என்ற கேள்வியில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். "எஸ்யூவின்னா டீசல்தான்" என்று எல்லா மாமாவும் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. அதன் பிறகு வந்த டீசல் கார்களின் புகைக்குழாய்ப் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. அந்தக் கரி எரிந்து சுத்தமாக, வண்டி அவ்வப்போது ஹைவேயில் நிதானமான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் ஸ்கூலுக்கு மூன்று கிலோமீட்டர், ஆபீஸுக்கு ஆறு கிலோமீட்டர் என்று தாம்பரம் டிராஃபிக்கிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், பிறகு செலவு. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்குள்தான் வித்தியாசம் இருக்கிற இந்தக் காலத்தில், மாதம் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டராவது, அதுவும் பாதிக்கு மேல் ஹைவேயில், ஓட்டாத குடும்பத்துக்கு டீசல் வேண்டாம் என்றே நான் சொல்வேன். பெட்ரோல் வாங்கினால் ஒன்று மட்டும் பாருங்கள்: 2023 ஏப்ரலுக்கு முன் வந்தவற்றில் பல, இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓனர் மேனுவலிலும் பெட்ரோல் மூடியிலும் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு ஸ்டார் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழந்தையை ஏற்றப் போகிற வண்டி. குளோபல் என்கேப் என்ற அமைப்பு வண்டியை மோதவிட்டுப் பார்க்கும் சோதனையில் செல்டோஸ் 2020-லும், க்ரெட்டா 2022-லும் மூன்று ஸ்டார்தான் வாங்கின, சோதித்தது இரண்டு ஏர்பேக் இருந்த மாடல்களை. எக்ஸ்யூவி 700, 2021-ல் ஐந்து வாங்கியது. இதற்காக க்ரெட்டா வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன் (நாங்கள் வாங்கியதே 2021 பெட்ரோல் க்ரெட்டா). ஆனால் ஒரே வருஷத்து வண்டியிலேயே கீழ் வேரியண்ட்டில் இரண்டு ஏர்பேக், மேல் வேரியண்ட்டில் ஆறு என்று இருக்கும். சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் ஏர்பேக்கை எண்ணுங்கள். பின் சீட்டின் நடுவில் உட்காருபவருக்கு இடுப்போடு நிற்கும் பெல்ட்டா, தோள் வழியாக வரும் பெல்ட்டா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த நடு இடத்தில்தான் அப்பா உட்காருவார்.

சரி, வண்டியைப் பார்க்கப் போகும் முன்பு வீட்டிலிருந்தபடியே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. நம்பர் பிளேட் போட்டோவை வாங்கி, பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ போட்டால், எந்தத் தேதியில் பதிவானது, இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது, பேங்க் கடன் நிற்கிறதா, பிளாக்லிஸ்ட் ஆகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இ-சலான் தளத்தில் கட்டாத அபராதமும் தெரியும். "ஃபர்ஸ்ட் ஓனர் சார், டாக்டர் வண்டி" என்று போனில் சொன்ன ஒரு வண்டி, ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் மூன்றாவது ஓனர். அங்கேயே விட்டுவிட்டேன். டாக்டர் ஓட்டினாரா, வக்கீல் ஓட்டினாரா என்பதெல்லாம் இன்ஜினுக்குத் தெரியாது. முன்பு டி போர்டாக ஓடி, பிறகு ஓன் போர்டாக மாற்றிய வண்டியா என்றும் நேராகக் கேட்டுவிடுங்கள்.

டெல்லிப் பதிவு வண்டிகள் தமிழ்நாட்டில் நிறைய சுற்றுகின்றன. அந்தப் பக்கம் பத்து வருஷ டீசலுக்கும் பதினைந்து வருஷ பெட்ரோலுக்கும் தடை என்று வந்த பிறகு, அந்த வயதை நெருங்கிய வண்டிகள் மலிவாக வெளியே வந்தன. விலையைப் பார்த்து மயங்காமல், அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்குவது, இங்கே லைஃப் டாக்ஸ் கட்டுவது, புது நம்பர் வாங்குவது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அலைச்சலையும் சேர்த்தால் மிச்சம் பெரிதாக இருக்காது.

இப்போது வண்டியைப் பார்க்கும் நாள். காலை ஏழு மணிக்கு வருகிறேன், நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் முதலில் பானட் மேல் கையை வையுங்கள். சுட்டால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஏதோ மறைக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் அந்த முதல் அரை நிமிடத்தில் வருகிற சத்தமும் புகையும் பொய் சொல்லாது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. விடிகாலை ஈரத்தில் கொஞ்சம் வெள்ளையாக வந்து உடனே நின்றால் பயமில்லை, இன்ஜின் சூடான பிறகும் வெள்ளை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், மோர் மாதிரி படிந்திருந்தால் கிளம்பிவிடலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எவ்வளவு வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பதை நாம் கண்ணால் பார்த்தோம், 2023-ல் அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் அதே கதிதான். அந்த வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. நான் பார்த்த ஒன்றில் சீட் கவர் புதிது, மேட் புதிது, உள்ளே நல்ல வாசனை. டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, டார்ச் அடித்துப் பார்த்தால் சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகள் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு. இந்த இரண்டையும் மறைப்பது கஷ்டம், அதனால் எந்த வண்டியிலும் இவற்றைப் பார்த்துவிடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும், டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பாக்ஸ் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டிகள் அத்தனை. ஒருமுறை தண்ணீர் குடித்த வண்டி இன்றைக்கு நன்றாக ஓடும், அடுத்த மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்கப் பெயின்ட்டை விட போல்ட்டுகள்தான் உதவும். பானட் கீல், ஃபெண்டர், கதவுக் கீல் ஆகியவற்றின் போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது என்று அர்த்தம். கதவு ரப்பரை லேசாக இழுத்துப் பார்த்தால் உள்ளே கம்பெனி போட்ட வெல்டிங் புள்ளிகள் வட்டமாக, ஒரே இடைவெளியில் இருக்கும், டிங்கரிங் செய்தது அப்படி இருக்காது. பம்பர் பெயின்ட் அடித்ததற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சென்னையில் பம்பர் உரசாத வண்டி ஏது? பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), முன்பக்க ஏப்ரான் (இன்ஜினுக்கு இருபுறமும் உள்ள தகடு), அடிச்சட்டம் ஆகியவற்றில் கை வைத்திருந்தால் மட்டும் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம்.

மீட்டரை நம்ப வேண்டாம். 48,000 ஓடியதாகக் காட்டிய ஒரு வண்டியின் நம்பரை வைத்து அதன் கம்பெனி சர்வீஸில் பழைய பதிவைக் கேட்டோம், இரண்டு வருஷத்துக்கு முன்பே 71,000. விற்றவர் முகத்தில் சலனமே இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது, ஏனென்றால் அட்வான்ஸ் கொடுக்க அன்று பணத்தோடு போயிருந்தேன். சர்வீஸ் பதிவைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட டோக்கன் கொடுக்காதீர்கள். பதிவு கிடைக்காவிட்டால் பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட்டின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானம் சொல்லிவிடும். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. குறைவாக ஓடிய வண்டி என்கிறார்கள், ஆனால் டயர் மட்டும் புதிது என்றால் ஏன் என்று கேளுங்கள். டயர் பழையது என்றால், நாலையும் மாற்ற முப்பது நாற்பதாயிரம் ஆகும், அதை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

பிடித்திருந்தால் இரண்டாவது முறை மதியம் ஒரு மணிக்குப் போங்கள், வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு. வெயிலில் நின்ற வண்டியில் ஏசி எவ்வளவு நேரத்தில் குளிர்கிறது, சிக்னலில் நிற்கும்போதும் அதே குளிர் இருக்கிறதா என்று தெரியும். ஆட்டோமேட்டிக் என்றால் மேம்பாலம் ஏறும்போது டிராஃபிக்கில் ஊர்ந்து பாருங்கள், குலுங்கினால் விட்டுவிடுங்கள். டர்போ பெட்ரோலில் வரும் டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸை நான் குறிப்பாக இப்படித்தான் சோதிப்பேன். அதைவிட முக்கியம், குழந்தை சீட்டைக் கொண்டுபோய் பின் சீட்டில் குழந்தை சீட்டுக்கென்றே இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டி, பக்கத்தில் பெரியவர்கள் இருவரையும் உட்கார வையுங்கள். நாங்கள் மிகவும் ஆசைப்பட்ட ஒரு வண்டியில் அம்மாவால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. இன்னொன்றில் குழந்தை சீட் மாட்டியதும் அப்பாவுக்குத் தோள் வைக்க இடமில்லை. பேப்பரில் இரண்டுமே அருமையான வண்டிகள். நம்பிக்கையான மெக்கானிக் இருந்தால் அன்றைக்கே அழைத்துப் போய், வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம் இரண்டாயிரத்தில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

விலை பேசும்போது விற்பவர் தன் பழைய பில்லைக் காட்டுவார். அதை ஒதுக்கி வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்கு முன் செஸ் சேர்த்து 45, 50 என்று இருந்தது. புது வண்டியின் இன்றைய ஆன்ரோடு விலைதான் அளவுகோல். பழைய காருக்கான கடன் வட்டி புதியதைவிட அதிகம் என்பதால், ஒரு வருஷம் மட்டுமே ஓடிய வண்டியைப் பெரிய கடன் போட்டு வாங்குவதற்குப் புதியதே வாங்கலாம். மூன்றிலிருந்து ஐந்து வருஷ வண்டிதான் என் கணக்கில் லாபம்.

பேப்பர் வேலையில் அவசரம் வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, கடன் இருந்திருந்தால் பேங்க்கின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். கடன் இன்னும் முடியவில்லை என்றால் பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல், அந்தக் கடன் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள். சட்டப்படி ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். "மெதுவா மாத்திக்கலாம் சார்" என்பவரிடம், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள், அவரே வேகமாகக் கையெழுத்துப் போடுவார். டீலரிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள், மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆன சேதத்துக்குக் கிளைம் கிடைக்காது. பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும், அதனால் பிரீமியத்தில் அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். அவருடைய ஃபாஸ்டேக்கை அவர் மூடிய பிறகு நீங்கள் புதிதாக ஒன்று வாங்குங்கள். அப்புறம், எந்த பில்லைக் காட்டியிருந்தாலும் சரி, முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றி, அன்றைய கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டில் போட்டுவிடுங்கள், அடுத்த சர்வீஸை அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.