கொட்டகையில் கிடந்த ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனை ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவருவது எப்படி?

என் வேன் 1973 மாடல் ஃபோக்ஸ்வேகன் டி2, அதாவது அந்த வேனின் இரண்டாம் தலைமுறை. ஹனோவர் தொழிற்சாலையில் தயாராகி, வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் உள்ளே படுக்கையும் அலமாரியும் பொருத்திக் கொடுத்த வண்டி. ஜெர்மனியில் ஒரு பண்ணைக் கொட்டகையில் 15 வருடம் கிடந்ததை வாங்கி, 3 வருடம் வார இறுதிகளில் வேலை பார்த்தேன்.

படி 1: கழற்றும் முன் படியுங்கள்

முன் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் சின்னத் தகரத் தகடு ஒன்று இருக்கும். தயாரான நாள், நிறம், எஞ்சின் வகை, கூடுதல் வசதிகள் எல்லாம் அதில் எண்களாகப் பதிந்திருக்கும். வோல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள ஃபோக்ஸ்வேகன் மியூசியத்திலும் கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்கலாம். என் வேன் பச்சையாக இருந்தது. பிறந்த நிறம் ஆரஞ்சு என்று தகடுதான் சொன்னது.

படி 2: உள்வேலைகளைக் கழற்றுங்கள்

ஒவ்வொரு பலகைக்கும் எண் ஒட்டி, போட்டோ எடுங்கள். உளுத்துப்போன பலகையைத் தூக்கிப் போடாதீர்கள். புதுப் பலகை வெட்ட அதுதான் அளவு.

படி 3: துருவைத் தேடுங்கள்

முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், பேட்டரி உட்காரும் தட்டு, சக்கர வளைவு, ஜாக் வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டம். காந்தம் ஒட்டாத இடத்தில் யாரோ பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

படி 4: பக்கச் சட்டம்

இங்கேதான் நான் தவறினேன். இந்த வேனுக்குத் தனி சேஸி கிடையாது. பாடியின் பாரத்தில் பெரும் பங்கைக் கதவுக்குக் கீழே இருக்கும் இந்தச் சட்டம்தான் தாங்குகிறது. உள் தகரம், நடுத் தகரம், வெளித் தகரம் என்று மூன்று அடுக்கு. நான் வலது பக்கம் மூன்றையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தேன். புதிதாக வெல்டிங் செய்து முடித்து ஸ்லைடிங் கதவை இழுத்தால், கீழே உரசி நின்றுவிட்டது. பாடி லேசாகத் தொய்ந்திருந்தது. திரும்ப எல்லாவற்றையும் அறுத்தேன்; 2 மாதம் போயிற்று.

சரியான முறை இதுதான். முதலில் வண்டியைத் தொங்கவிடாமல், சஸ்பென்ஷனுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்துங்கள். கதவு இடைவெளிகளின் குறுக்கே சதுரக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்யுங்கள். குழாய் உள்பக்கம் இருக்க வேண்டும், கதவு மூடுகிற மாதிரி. அப்புறம் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டி, புதுத் தகரத்தை நாலு இடத்தில் மட்டும் வெல்டிங் பொட்டு வைத்துப் பிடியுங்கள். கதவை மூடுங்கள். சுற்றிலும் இடைவெளி சமமா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் முழு வெல்டிங். அதையும் ஒரே கோடாக இழுக்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் இங்கே, அடுத்தது தள்ளி. சூட்டில் தகரம் நெளியும்.

கேஸ் வைத்த மிக் வெல்டிங் மெஷின் (கம்பியைத் தானே ஊட்டும் வகை), 0.6 மி.மீ. கம்பி, இதைத்தான் வாங்கச் சொல்வேன். கேஸ் இல்லாத மெஷின் மெல்லிய தகரத்தைப் பொத்தலாக்கிவிடும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் பின்பக்கம் பொறி பறக்கும் எந்த வேலையும் வேண்டாம். வெல்டிங் எல்லாம் முடிந்து, ப்ரைமரும் காய்ந்த பிறகே சட்டத்துக்குள் துரு தடுக்கும் மெழுகு அடியுங்கள்; மெழுகு தீப்பிடிக்கும்.

பெயிண்டைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டேன். பெயிண்ட் அடிக்க மூடிய நல்ல அறை இல்லாமல் தூசி ஒட்டும்.

படி 5: எஞ்சின்

1600 சிசி, காற்றால் குளிரும் எஞ்சின். ஆயில் 2.5 லிட்டர். எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளி 0.15 மி.மீ. சுற்றியுள்ள தகர மூடிகளையும் ரப்பர் ஓரத்தையும் அப்படியே திரும்பப் பொருத்துங்கள். விட்டால் சூடான காற்றையே மறுபடி இழுக்கும். பெட்ரோல் ஹோஸ் ஒன்றையும் பழையதாக விடாதீர்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். எஞ்சின் கூடு மெக்னீசியக் கலவை. பற்றினால் அணைப்பது கஷ்டம்.

ஜெர்மனியில் 30 வருடம் தாண்டி, ஒரிஜினல் நிலையில் இருக்கும் வண்டிக்கு ‘எச்’ எழுத்து போட்ட நம்பர் பிளேட் கிடைக்கும். ஆண்டு வரி 191 யூரோதான்.

பின்சேர்க்கை: எல்லாம் முடித்த பிறகும் மழையில் கால் வைக்கும் இடம் நனைகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். முன் கண்ணாடி ரப்பரைப் பாருங்கள். பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும். அதைக் கழற்றினால் அடியில் மூலைகளில் துரு இருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, அதன் பள்ளத்தில் மெல்லிய கயிறு ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வெளியே ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். தனியாகச் செய்ய வேண்டாம்.