ரூட் கேனல்: நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்ன நடக்கும்?

சூடான அல்வா பட்டதும் பல் சுள்ளென்று இழுக்கிறதா? விழுங்கிய பிறகும் வலி விட மறுத்து, ராத்திரி படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கிறதா? அப்படியானால் சொத்தை, பல்லின் உள்ளே இருக்கும் கூழைத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். நரம்பும் ரத்தக் குழாயும் அந்தக் கூழில்தான் இருக்கின்றன. அந்தக் கூழை எடுத்து, வேருக்குள் ஓடும் மெல்லிய கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் ரூட் கேனல்.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் முதலில் கிராம்பை வைப்போம். பெரியவர்கள் கண்டங்கத்தரி விதைப் புகை பிடிக்கச் சொல்வார்கள். கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். சில நாளில் வலி தானாக நின்றால் சந்தோஷப்படாதீர்கள். நரம்பு செத்திருக்கும், கிருமி வேர் நுனி வழியே தாடை எலும்பில் இறங்கிக்கொண்டிருக்கும். கன்னம் வீங்கும்போதுதான் விஷயம் தெரியும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் காட்டலாம்.

முதல் வேலை எக்ஸ்ரே. முன்பல்லில் பெரும்பாலும் ஒரே கால்வாய். கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு இருக்கும். அதனால்தான் அதற்கு நேரம் பிடிக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எது எடுத்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது மரத்துப்போகும் ஊசி. கீழ்ப்பல் என்றால் பாதி உதடும் நாக்கும் சேர்ந்து மரக்கும். சீழ் கட்டிய பல்லில் ஊசி சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு. வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் கையைத் தூக்குங்கள். இன்னொரு ஊசி போடுவார்கள்.

பிறகு பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி, மேலே துளையிட்டுக் கூழை எடுப்பார்கள். இனி வருவதுதான் உண்மையான வேலை. ஃபைல் என்னும் முறுக்கிய மெல்லிய கம்பிகளைக் கால்வாய்க்குள் விட்டுச் சுவரைச் சுரண்டுவார்கள். கைப்பிடியின் நிறம் அளவைச் சொல்லும்: வெள்ளை 15, மஞ்சள் 20, சிவப்பு 25. 15ஆம் எண் ஃபைலின் நுனி 0.15 மில்லிமீட்டர்தான். வேர் நுனியைத் தாண்டிப் போகாமலிருக்க, நீளத்தை அளந்து கம்பியில் சின்ன ரப்பர் வளையத்தை நிறுத்திக்கொள்வார்கள். இடையிடையே சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவும்போது, குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டதுபோல வாடை வரும், பயப்பட வேண்டாம்.

கிருமி அதிகமிருந்தால் உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். இல்லையென்றால் அன்றே கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் ரப்பரால் கால்வாயை அடைத்துவிடுவார்கள். மரப்பு போகும்வரை சூடான காப்பி வேண்டாம். இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலிப்பது சகஜம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வலி போனதும் பலர், பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் போடாமல் இருந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் சமரசமே கிடையாது. சொத்தையும் துளையும் சேர்ந்து பலவீனமாக்கிய கடைவாய்ப் பல், ஒரு கொட்டைப்பாக்கைக் கடித்தால்கூட வேர்வரை பிளக்கலாம். பிளந்தால் பிடுங்குவதைத் தவிரப் பெரும்பாலும் வழியில்லை. ஆகவே செலவைக் கேட்கும்போதே கேப்பையும் சேர்த்துக் கேளுங்கள். அதைப் போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கு வேண்டாம்.