பழைய சேலையில் நத்தார்ப் பரிசு

டிசம்பர் பிறந்தால் கொழும்பு புறக்கோட்டைக் கடைகள் முழுக்கப் பரிசு சுற்றும் மினுமினுப்புத் தாள்தான். வாங்குமுன் ஒரு மூலையைக் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் காகிதம். தானாக விரிந்தால் பிளாஸ்டிக் படலம், மக்காது.

நான் தாளே வாங்குவதில்லை. வெள்ளவத்தையில் எங்களுக்குத் தைக்கும் அக்கா, வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பையோடு தந்துவிடுவா. பழைய பருத்திச் சேலை இன்னும் நல்லது. பட்டு வேண்டாம், வழுக்கும், முடிச்சு நிற்காது. சதுரமாக வெட்டுங்கள், மூலைக்கு மூலை அளந்தால் பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு வரவேண்டும். ஓரத்தை மடித்துத் தையுங்கள். பெட்டியின் பக்கங்கள் துணியின் மூலைகளைப் பார்க்கும்படி நடுவில் வைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே மடித்துச் செருகி, மற்ற இரண்டையும் இழுத்து இரட்டை முடிச்சுப் போடுங்கள். டேப்பே தேவையில்லை.

புத்தகத்துக்கு ஞாயிறு வீரகேசரி போதும். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் தவிருங்கள்! மை ஒட்டும், ஆகவே வெள்ளைச் சட்டைக்கு ஆகாது. கட்டுவதற்குத் தும்புக்கயிறு, முடிச்சில் ஒரு கறுவாப்பட்டை.

கேக்கை வாழையிலை விரித்த பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். பெட்டியில் பிறகு அவர்கள் வெங்காயம் போட்டுக்கொள்வார்கள்.