பழைய பெரிய ரிவால்வர்களில் காலிபர் மாற்றம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 'என்' (N) எனப்படும் பெரிய சட்டக ரிவால்வர்கள், கோல்ட் நியூ சர்வீஸ், பிரிட்டிஷ் ராணுவத்தின் வெப்லி. அமெரிக்காவில் என் பட்டறை மேசைக்கு அதிகம் வருபவை இந்த மூன்றும்தான். எப்போதோ யாரோ காலிபரை, அதாவது சுடும் தோட்டாவின் அளவை, மாற்றிவிட்டவையாக இருக்கும், அல்லது இனிமேல் மாற்றித் தரும்படி கேட்டுக் கொண்டுவந்தவையாக இருக்கும். கொண்டுவருபவர்களில் பலர் புதியவர்கள். எங்கள் தலைமுறை செய்து நொந்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

தோட்டா இருக்கிறதா என்று பார்க்காமல் துப்பாக்கியைக் கையில் எடுப்பது, உரிமமில்லாத ஆளிடம் வேலையைக் கொடுப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதைச் சொல்லித்தான் ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்றால் அவர் துப்பாக்கி வாங்கவே கூடாது. இன்னொன்று: நான் பேசுவது அமெரிக்க நிலவரம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றியமைக்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். அங்கே இருப்பவர்கள் இதை வரலாறாக மட்டும் வாசிக்கவும்.

தோட்டா உள்ளே போகிறது என்பதால் சுடலாம் என்று நினைப்பது

இன்றைக்கும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

வெப்லி மார்க் 6 ரிவால்வரை பிரிட்டிஷ் ராணுவம் 1915இல் ஏற்றுக்கொண்டது. அதன் தோட்டா .455 (குண்டின் விட்டம், அங்குலத்தில்). மெல்லிய விளிம்பு, 265 கிரெய்ன் (சுமார் 17 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டு, நொடிக்கு 600 அடியைச் சற்றே தாண்டும் வேகம். கனமான குண்டு, நிதானமான உந்துதல், குறைந்த அழுத்தம் என்பதுதான் அந்தத் தோட்டாவின் முழுக் கணக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாகக் கிடந்த வெப்லிகள் அமெரிக்கச் சந்தைக்குக் குவியலாக வந்தன. இங்கே .455 தோட்டா அரிது; தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுக்கான .45 ஏசிபி எந்தக் கடையிலும் கிடைக்கும். வியாபாரிகள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். சிலிண்டரின் பின்முகத்தைச் சீவிவிட்டால் போதும், விளிம்பில்லாத .45 ஏசிபி தோட்டாக்களை மூன்று மூன்றாக அரைநிலா கிளிப் என்ற அரைவட்டத் தகட்டில் மாட்டி உள்ளே வைத்துவிடலாம். அப்படிச் சீவப்பட்டவை ஏராளம். இன்றும் அவை கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

சீவியவர்கள் உலோகத்தின் வலிமையைக் கூட்டவில்லை, கூட்டவும் முடியாது. .45 ஏசிபி தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. .455 தோட்டாவுக்கு அது 13,000 அளவில்தான். துப்பாக்கி தாங்குமா என்று சோதிப்பதற்காகவே, சாதாரணத் தோட்டாவைவிடக் காரமாக அடைத்து ஒருமுறை வெடித்துப் பார்ப்பார்கள். கடையில் வாங்கிய .45 ஏசிபி தோட்டா ஒவ்வொன்றும் வெப்லிக்கு அந்தச் சோதனை வெடி போன்றதுதான், அல்லது அதைவிடக் கடுமையானது. சோதனை வெடியைத் தினமும் வெடிக்கும்படி எந்தத் துப்பாக்கியையும் யாரும் செய்வதில்லை.

துப்பாக்கிச் சந்தையில் சீவப்பட்ட மார்க் 6 ஒன்றை வாங்கிய இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். விற்றவர் ராணுவ உபரி .45 தோட்டாப் பெட்டி ஒன்றையும் கையோடு கொடுத்து, "கச்சிதமாக உட்காரும், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். இளைஞர் பெட்டியைத் தீர்த்துவிட்டார். துப்பாக்கி லேசாக ஆடுகிறது, திருகாணியை இறுக்கித் தர முடியுமா என்பதுதான் அவர் என்னிடம் கேட்டது. பார்த்தேன். மேலே சட்டகத்தையும் குழலையும் பிணைக்கும் தாழ் தளர்ந்திருந்தது. முன்கீல் தேய்ந்திருந்தது. சிலிண்டரில் இரண்டு அறைகளின் வெளிச்சுவர், மிக மெலிந்த இடத்தில், விரலுக்குத் தட்டுப்படும் அளவு புடைத்திருந்தது. இன்னும் ஒரு பெட்டி சுட்டிருந்தால் அந்தச் சிலிண்டர் அவர் முகத்துக்கு முன்னால் பிளந்திருக்கலாம். இதைச் சொன்னபோது அவர் சொன்ன பதில்: "ஆனால் தோட்டா சரியாக உள்ளே போனதே ஐயா."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தெரிந்தே விற்றவர்மேல்தான் கோபம். அறைக்குள் தோட்டா நுழைவது நீள அகலம் பொருந்துகிறது என்பதை மட்டுமே காட்டும். சுவர் எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்லவே சொல்லாது.

முந்தைய மாடல்களில் ஆபத்து இன்னும் அதிகம். 1887இல் வந்த மார்க் 1 கரிமருந்துக் காலத்துப் பொருள். புகையற்ற மருந்துக்காகச் சிலிண்டரைச் சற்றே தடிப்பாக்கியதே 1913இன் மார்க் 5இல்தான். அதற்கு முந்தையவற்றையும் விட்டுவைக்காமல் சீவியிருக்கிறார்கள்.

வாங்குமுன் சோதிப்பது எளிது. துப்பாக்கி பற்றித் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போய், கிளிப்பில் மாட்டிய வெற்று மாதிரித் தோட்டாக்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவை முழுதாக உட்கார்ந்து சிலிண்டர் தடையின்றிச் சுழன்றால் அது சீவப்பட்டது. விலை அதற்கேற்ப இறங்க வேண்டும். சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அப்படிப்பட்ட துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருந்தால், .455இன் அழுத்த எல்லைக்குள் அடைக்கப்பட்ட ஈயக் குண்டுத் தோட்டாக்கள் மட்டும், அதுவும் நல்ல நிலையில் இருக்கிறது என்று தேர்ந்த ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு. ஈயத்தின் மேல் உலோக உறையிட்ட ராணுவத் தோட்டா ஒருபோதும் வேண்டாம். சீவப்படாத வெப்லி கிடைத்தால் அப்படியே வைத்திருங்கள். .455 தோட்டாவைத் தேடத்தான் வேண்டும், ஆனால் கிடைக்கும்.

எஃகின் வயதைக் கேட்காமல் விடுவது

முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தயாரித்த .455 ரிவால்வர்கள் பல, பின்னாளில் .45 கோல்ட் காலிபருக்கு மாற்றப்பட்டன. மாற்றம் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் சாதாரண .45 கோல்ட் தோட்டாவுக்கு அவை சரிதான். அதன் உச்ச அழுத்தம் 14,000 பவுண்டு. சிக்கல் எங்கே என்றால், ரூகர் நிறுவனத்தின் இன்றைய தடித்த ரிவால்வர்களை மனதில் வைத்து, இதைவிட மிகக் காரமாக அடைத்த .45 கோல்ட் தோட்டாக்களும் விற்பனைக்கு இருக்கின்றன. பெயரும் அளவும் ஒன்றேதான். 1915ஆம் ஆண்டுச் சிலிண்டர் பிற்காலத்தவை போல வெப்பப் பதம் ஏற்றப்பட்டது அல்ல. பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் எச்சரிக்கையை வாசியுங்கள். வாசிக்கப் பொறுமையில்லாதவர்கள் பழைய துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவைக்கலாம்.

தொண்டையை அளக்காமல் பணம் கொடுப்பது

சிலிண்டர் அறையின் முன்பகுதியில், குண்டு குழலுக்குள் நுழையுமுன் கடக்கும் குறுகலான பாகத்தைத் தொண்டை என்போம். .455க்காகத் துளைத்த தொண்டையில் இன்றைய .452 அங்குலக் குண்டு தளர்வாக ஓடும். குறி சிதறும், குழலில் ஈயம் படியும். மாற்றிய துப்பாக்கி எங்கே சுட்டாலும் தவறுகிறது என்று தன் கையை நொந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் குற்றமில்லை. ஆறு தொண்டைகளையும் குழலின் உள்விட்டத்தையும் அளந்து, அந்த எண்களை எழுத்தில் வாங்கிய பிறகு பணத்தை எடுங்கள். தொண்டை பெரிதாக இருந்தால் அதற்கேற்ற விட்டத்தில் வார்த்த ஈயக் குண்டைத் தேட வேண்டியிருக்கும். அந்தச் செலவும் சேர்த்துத்தான் விலை.

.44 ஸ்பெஷலை மேக்னமாக நினைப்பது

1954 முதல் 1986 வரை வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஹைவே பேட்ரோல்மேன், அதாவது மாடல் 28, பளபளப்பில்லாத, உறுதியான .357 மேக்னம் (மேக்னம் என்றால் அதிக அழுத்தத் தோட்டா). அதன் அறைகளையும் குழலையும் .44 ஸ்பெஷலுக்கு அகலப்படுத்துவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. எனக்கே மிகப் பிடித்த மாற்றம் இதுதான். ஆனால் .357 மேக்னத்துக்கு 35,000 பவுண்டு தாங்கிய அதே சிலிண்டர்தானே என்று கணக்குப் போடாதீர்கள். அறை அகலமாகும்போது சுவர் மெலிகிறது. .44 ஸ்பெஷலின் எல்லை 15,500. அதற்குள் நின்றால் உங்கள் பேரப்பிள்ளைகளும் சுடலாம்.

ரெஜிஸ்டர்ட் மேக்னத்தை (பதிவுச் சான்றோடு விற்கப்பட்ட முதல் .357 மேக்னம் ரிவால்வர்) வெட்டுவது

வேண்டாம்.

ட்ரிப்பிள் லாக்கில் கைவைப்பது

சிலிண்டர் மூன்று இடங்களில் பூட்டிக்கொள்ளும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் இது; 1908 முதல் 1915 வரை மட்டுமே வந்தது. யாராவது முன்பே கெடுத்து வைத்திருந்தால் ஒழிய, அதையும் தொடாதீர்கள்.

புதிய காலிபரைப் பொறிக்காமல் விடுவது

குழலில் .357 என்று இருக்கும், அறை .44 ஆக இருக்கும். பழைய எழுத்து அழகாக இருக்கிறது, அப்படியே விடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. விட மாட்டேன். அந்தத் துப்பாக்கி நாளை உங்கள் மனைவியிடமோ மகனிடமோ போகும், பிறகு ஏலத்துக்குப் போகும். அங்கே எடுப்பவர் குழலில் உள்ளதை நம்பித்தான் தோட்டா வாங்குவார். பழைய குறியை அடித்துவிட்டு, புதிய காலிபரைக் குழலில் தெளிவாகப் பொறிக்கச் சொல்லுங்கள். யார், எந்த ஆண்டில், என்ன மாற்றினார் என்ற சீட்டையும் துப்பாக்கியோடு பெட்டியில் வையுங்கள்.