ட்ரெயினிங் தேடும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் கட்டட வேலைகள் எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். போன கிழமை ஒரு தம்பி வந்தார். பையிலிருந்து டெய்லி டயரியை, அதாவது படிப்புக்கான தொழிற்பயிற்சியில் அன்றாடம் செய்த வேலையை எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கும் புத்தகத்தை, எடுத்து மேசையில் வைத்தார். ஏழு கிழமை அழகாக எழுதியிருக்கிறது, வரைபடங்கள்கூட உண்டு. ஆனால் கையொப்பமிடும் கட்டங்கள் எல்லாம் வெறுமை. “நீங்க சைன் வைப்பீங்களா சேர்?” என்று கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. இதே பிழையை நானும் செய்தவன்.

சீவியில் எழுத்துப் பிழை, நேரத்துக்குப் போகாதது போன்றவை உங்களுக்கே தெரியும். அவற்றை விடுவோம்.

கடிதம் இல்லாமல் வேலையைத் தொடங்குவது

நான் படித்த காலத்தில் மாமா ஒருவர் கொழும்பில் இடம் பார்த்துத் தந்தார். “திங்கட்கிழமையே வரச் சொல்லு” என்றார்கள். ஞாயிறு இரவு ரயிலில் ஏறிவிட்டேன். கல்லூரிக் கடிதத்தைப் பிறகு எடுக்கலாம் என்று நினைத்தேன். மூன்று மாதம் போனது. பெரும்பாலான நாட்களில் ஸ்டோரில் இருந்து சீமெந்துக்கும் கம்பிக்கும் பில் எழுதினேன். திரும்பி வந்து டயரியைக் கொடுத்தபோது, அனுமதிக்கு முந்திய நாட்கள் கணக்கில் வராது என்றார்கள். கையொப்பமிட்டவர் ஸ்டோர் பொறுப்பாளர், எங்கள் துறைக்காரர் அல்ல. அதுவும் செல்லவில்லை. போர்டிங் காசுக்கு அப்பா கடன் வாங்கியிருந்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் உங்கள் நிறுவகத்தின் பயிற்சிப் பிரிவுக்குப் போய், எந்த மாதிரியான இடம் செல்லும், யார் மேற்பார்வை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அங்கே கடிதம் எடுத்த பிறகே வேலைத்தளத்துக்குப் போங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்: தொடங்கும் திகதி, முடியும் திகதி, மேற்பார்வையாளரின் பெயரும் பதவியும், எந்தெந்தப் பிரிவில் வேலை. நைட்டா, அதாவது தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை ஊடாகப் போகிறவர்கள் அவர்களின் அனுமதி கைக்கு வரும்வரை பொறுங்கள். இரண்டு கிழமை வீட்டில் இருப்பது நட்டமில்லை.

“பார்ப்பம் தம்பி” என்ற சொல்லை நம்பி இருப்பது

அது ஓம் அல்ல. அடுத்த இடத்துக்கும் விண்ணப்பியுங்கள்.

கொழும்பை மட்டும் நினைப்பது

சிவில் எஞ்சினியரிங் படிக்கிறவர்களுக்கு இங்கேயே வேலை நடக்கிறது. வீதி அபிவிருத்தி அதிகார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், நீர் வழங்கல் சபை, மாநகர சபை என்று போய்க் கேளுங்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கு எப்படி வருகிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பது சாதாரணப் படிப்பா? அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கமும் கல்லோயா வாய்க்கால்களும் இருக்கின்றன. 1949இல் இங்கினியாகலையில் தொடங்கிய அணைக்கட்டு அது. வீட்டுச் சாப்பாட்டோடு போய்வரலாம் என்பதும் சின்ன விஷயம் இல்லை.

டயரியைக் கடைசியில் எழுதுவது

வேண்டாம். அன்றன்றே எழுதி, கிழமைக்கொருமுறை கையொப்பம் வாங்குங்கள்.

அந்தத் தம்பியின் டயரியில் நான் கையொப்பமிடவில்லை. நாங்கள் இடம் தரத் தயார் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதைப் பயிற்சிப் பிரிவில் காட்டி அனுமதி வாங்கி வரச் சொன்னேன். இன்னும் வரவில்லை. அவருக்கென்று ஒரு இடத்தை வைத்திருக்கிறேன்.