கோடை உழவில் ஆட்காட்டியின் முட்டைகளைக் காப்பது எப்படி?

சிவப்பு மூக்கு ஆட்காட்டி என்ற பறவை பெரும்பாலும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தரையில் முட்டையிடுகிறது. கோடை உழவுக்கு டிராக்டர் தரிசில் இறங்கும் சித்திரை, வைகாசி மாதங்களும் அதற்குள் வந்துவிடுவதால், உழவுக்கு முதல் நாள் நிலத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தேடுவதற்காக நிலத்துக்குள் நடக்காதீர்கள். தலைக்கு மேலே பறந்து கத்தும் பறவை கூடு இருக்கும் இடத்தைக் காட்டுவதில்லை. உங்களை அங்கிருந்து விலக்கவே அது கத்துகிறது. வரப்போர மர நிழலில் அரை மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தால், பறவை தரையிறங்கி, நான்கடி ஓடி, நின்று, சுற்றும் பார்த்து, மறுபடி ஓடிக் கடைசியில் ஓரிடத்தில் வயிற்றை அசைத்து அமர்வதைக் காணலாம். அந்த இடத்தை அருகிலுள்ள மண்கட்டியையோ செடியையோ வைத்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடு என்பது ஆழமற்ற ஒரு குழிதான். அதைச் சுற்றிக் கூழாங்கற்களும் ஆட்டுப் புழுக்கைகளும் கிடக்கும். நடுவில், கூர்முனைகள் உள்நோக்கியபடி பெரும்பாலும் 4 முட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 42 மி.மீ. நீளமும், கரும்புள்ளிகள் தெறித்த மண் நிறமும் கொண்டது. கண்ணை ஒரு கணம் எடுத்தால் மீண்டும் தேட வேண்டியிருக்கும். அவற்றுக்குள்ள முதல் காவல் அந்த மறைவுதான் என்பதால், நம் உதவி அதைக் கலைத்துவிடக் கூடாது.

ஆகவே கூட்டருகே கொம்பு நட்டுக் கொடி கட்டாதீர்கள். காகம் அமர்ந்து நோட்டமிட அதுவே வசதியாகிவிடும். இருபுறமும் பத்தடி தள்ளித் தரையோடு தரையாகக் கற்களை வைத்து, டிராக்டர் ஓட்டுபவருக்கு நேரில் காட்டி, நடுவிலுள்ள திட்டை உழாமல் விடச் சொல்லுங்கள். அந்தத் திட்டைச் சுற்றியுள்ள பகுதியைக் காலையிலேயே உழுது முடித்துவிடுவது நல்லது. உச்சி வெயிலில் தாய் விலகியிருந்தால் முட்டைகள் வெந்துவிடும். வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் பறவை அது. முட்டைகளை எடுத்து வேறிடத்தில் வைக்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் அது குற்றமாகும்.

முட்டைகளைத் தின்ன வருபவற்றில் காகம், பருந்து, கீரி ஆகியவை முக்கியமானவை. பண்ணை நாயையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாயைக் கட்டிவைக்கலாம், சாப்பாட்டு மிச்சத்தை வயலில் கொட்டிக் காகங்களைக் கூட்டாமல் இருக்கலாம். கீரியை நாம் விரட்ட முடியாது. தினமும் சென்று எட்டிப் பார்ப்பது பறவையை எழுப்பி, கூட்டைத் திறந்து காட்டுவதாகவே முடியும்.

ஒரு நாள் குழி வெறுமையாக இருந்தால் உடனே கீரியைக் குறை சொல்ல வேண்டாம். அடைகாப்பு 28 முதல் 30 நாள் வரை நீடிக்கும். பொரித்த குஞ்சுகள் விரைவிலேயே கூட்டை விட்டு நடந்துவிடும். நாள் கணக்கு சரியாக இருந்து, பெற்றோர் இன்னும் உங்களைக் கண்டு கத்தினால், குஞ்சுகள் அருகில் எங்கோ மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கின்றன என்று கொண்டு, வந்த வழியே காலடி பார்த்துத் திரும்புங்கள்.